சிவப்பு எந்தப் பக்கம்

கயிற்றைச் சுற்றி வைக்கச் சொல்லி அப்பா சொன்னது ஆரணிக்கு நன்றாகவே கேட்டது. கேட்காமல் எப்படி? அவருடைய முழங்கையில் இடிபடாமல் நிற்கவே இடமில்லாத படகு அது. ஆனால் அவர் அவளிடம் சொல்லவில்லை. "இஞ்சரும், அவளிட்டைச் சொல்லும், அந்தக் கயித்தைச் சுத்தி வைக்கட்டாம், காலுக்க தட்டுப்படுது" என்று பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் திறக்காமலே, "கயித்தைச் சுத்தட்டாம் பிள்ளை" என்றாள். ஆரணி சுற்றினாள். சுற்றி முடித்து, "சுத்தியாச்சு எண்டு சொல்லுங்கோ அம்மா" என்றாள். "சுத்தியாச்சாம்." "வடிவாச் சுத்தினவளோ எண்டு கேளும்." அதோடு அம்மாவுக்குப் போதும் என்றாகிவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறி, கையில் மணந்து பார்க்க வைத்திருந்த, பாதி நசுங்கின தேசிக்காய். "நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் ரேடியோவோ? மனுசருக்குத் தலை சுத்துது, வயித்தைப் பிரட்டுது. நீங்களும் உங்கட லிண்டாவும்" என்று சொல்லிவிட்டு, படகின் மூக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குள் குனிந்து நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். லிண்டா என்பது படகின் பெயர். முந்தி வைத்திருந்த வெள்ளைக்காரன் தன் மனைவியின் பெயரைப் பக்கவாட்டில் நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அப்பா அதை அழிக்கவில்லை. கப்பல்காரன் பெயரை அழிக்க மாட்டான் என்றார். அம்மாவுக்கு அந்தப் பெயரைப் பிடிக்காது. இப்போது கதவு சாத்தியாயிற்று. தகப்பனும் மகளும் மட்டும். இஞ்சின் சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் கதைக்காமல் நிற்கிற சத்தம் கேட்டிருக்கும்.

தை மாதத்திலிருந்து அவர்கள் கதைப்பதில்லை. கதைப்பதில்லை என்றால் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே கறிச் சட்டியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டு கதைப்பதில்லை. அவளுக்கு அது ஒரு விசர் வேலையாகத்தான் பட்டது. கோபம் என்றால் திட்டவேண்டியதுதானே, ஒரு அடி போட்டாலும் பரவாயில்லை, முடிந்துவிடும். இது முடியாது. இதில் அவர் கெட்டிக்காரர். அம்மா பக்கத்தில் இல்லையென்றால் காற்றிடம் கதைப்பார், ஃபிரிட்ஜிடம் கதைப்பார். "சில பேருக்குக் குளிச்சால் லைட்டை நூர்க்கத் தெரியாது." "இந்த வீட்டில பால் முடிஞ்சால் வாங்கி வைக்க ஆக்கள் இல்லை." அவள் பாலை வாங்கி வைப்பாள். அவர் குடிப்பார். அவள் பள்ளிக்கூடத்தை விட்டதற்காக என்று சொந்தக்காரர் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு டயர்க் கடையில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன இரவு அவர் கத்தினார், கையிலிருந்த தண்ணிப் போத்தலை எறிந்தார், பிறகு அழுதார், அடுத்த நாள் காலை அவளைக் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டதும் அவர்தான். அது போகட்டும். தையில் வந்த அவருடைய ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆட்கள், அவருடைய கூட்டாளி நவரட்ணம் மாமா கையில் கிளாசோடு, "இவ்வளவு படிச்ச மனுசனுக்கு இப்பிடி ஒரு பிள்ளை பிறந்திருக்கே" என்று சும்மா பகிடிக்குச் சொல்ல, ஆரணி கட்லட் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "அப்பாவும் பத்தாம் வகுப்போட கப்பலுக்கு ஓடினவர்தானே மாமா, ஓ.எல் சோதினையே எழுதேல்லையே" என்று சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்பாவே அவளுக்குச் சொன்ன கதை. அவளுக்கு மட்டும் சொன்ன கதை என்பது அவளுக்கு அப்போது தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இறங்கியது இறங்கியதுதான். அவள் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தாள், தான் சொன்னதில் எது பிழை என்று. உண்மையைச் சொன்னால் பிழையா. பிழையென்றால் எல்லோரும் ஏன் சின்ன வயதில் உண்மை பேசு, உண்மை பேசு என்று உயிரை எடுத்தார்கள். இதிலேயே அவளுடைய யோசனை போய்ப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டின இடத்திலேயே நின்று சுழலும்.

இரண்டு பக்கமும் பாறை. ரோசாப் பூ நிறத்தில், அங்கங்கே கறுப்பு வரி ஓடின பாறை, யாரோ பெரிய கையால் தடவி வழுவழுப்பாக்கிவிட்ட மாதிரி தண்ணீருக்குள் இறங்கிப் போனது. பாறை வெடிப்புகளில் பைன் மரங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. மண்ணே இல்லாத இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று தெரியவில்லை. காலையில் பெரிய ஏரிப் பக்கம் போகும்போது ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் படகு முன்னால் போனது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே அப்பாவும் போய்விட்டார். அவள் போனில் படம் எடுத்தபடி வந்ததால் வழி காட்டுகிற மிதவைகளில் எது எந்தப் பக்கம் போனது என்று பார்க்கவில்லை. இப்போது திரும்பி உள்ளே வரும்போது முன்னால் யாரும் இல்லை. தீவுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன, கிட்டப் போனால் விலகி ஒரு வாய்க்காலைக் காட்டின, பின்னால் திரும்பிப் பார்த்தால் வந்த வழி மூடிக் கிடந்தது. போனில் சிக்னல் இல்லை. ஆழம் காட்டுகிற பெட்டி படகு வாங்கின நாளிலிருந்தே வேலை செய்யாது. அதன் கண்ணாடியில் அப்பா பிள்ளையார் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். வரைபடத்தை நாலாக மடித்து வெயிலுக்குக் கண்ணுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்று, அவர் நிற்கிற நிலையே வேறு. பாண் தொழிற்சாலை வேலையில் மாவு மூட்டையோடு நிற்கிற ஆள் இல்லை இது. கால் இரண்டையும் அகட்டி, இடுப்பைத் தளர்த்தி, சுக்கானில் ஒரு கை. பதினாறு வயதில் கிரேக்கக் கப்பலில் தளம் கழுவப் போனவர், எட்டு வருடம் கரையில் நாலு நாளுக்கு மேல் நின்றதில்லை. இந்தப் படகில் ஏறினால் அவருக்கு அந்த வயது வந்துவிடுகிறது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். சொல்லமுடியாது. அம்மாவிடம் சொல்லி அம்மா சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் அது விளக்கெண்ணெய் மாதிரி வழவழவென்று இருக்கும்.

அப்போதுதான் தூரத்தில் சிவப்பு மிதவையைக் கண்டாள். தண்ணீரில் குத்தி வைத்த ஒரு கட்டைப் பென்சில் மாதிரி, கூர் மேலே. பார்த்தவுடன் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது. காரணம் பிறகுதான் வந்தது. படகோட்டுகிற அட்டைக்கு எடுக்கிற சோதினை. போன மார்கழியில், இன்னும் கதைத்துக்கொண்டிருந்த காலத்தில், சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பை வைத்து அவள்தான் அதை எழுதினாள். இந்த நாட்டில் அவர்கள் வீட்டில் அப்படித்தான். வேலையிடப் பாதுகாப்பு அட்டை ஆகட்டும், பாண் தொழிற்சாலைச் சுகாதாரப் பயிற்சி ஆகட்டும், அப்பாவின் பெயரில் வருகிற எல்லாச் சோதினைகளையும் எழுதுவது ஆரணி. தெரிந்த வீடுகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள், யாரும் அதைக் களவு என்று நினைப்பதில்லை. தகப்பன் பக்கத்தில் இருந்து கச்சான் உடைத்துச் சாப்பிடுவார், கேட்டால் பதில் சொல்வார். ஒரு படம் வந்தது. ஒரு படகு, முன்னால் ஒரு சிவப்பு மிதவை, உள்ளே துறைமுகத்துக்குப் போகிறாய், மிதவையை எந்தப் பக்கம் விடுவாய். "இடது. உள்ள போகேக்க சிவப்பு இடது, பச்சை வலது. கொழும்பு, பம்பாய், போட் சையிட், எங்க போனாலும் அதுதான். அமத்து" என்றார் அப்பா. அவள் அமத்தப் போனாள். ஆனால் அதற்கு முந்தின பக்கத்தில் வாசித்திருந்தாள்: இந்தக் கண்டத்தில் தலைகீழ், உள்ளே போகும்போது சிவப்பு வலது கைப்பக்கம். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் ஒரு மணித்தியாலம் வாதாடுவார், கப்பல் கதை முழுக்க வரும், அவளுக்கு ஒன்பது மணிக்குக் கூட்டாளிகளோடு வெளியே போகவேண்டும். ஒன்றும் சொல்லாமல் வலதை அமத்தினாள். அவர் கச்சான் கோதை ஊதிக்கொண்டிருந்தார். பாஸ். அந்த வருடம் அவள் பாஸ் பண்ணின ஒரே சோதினை அப்பாவுடையது. "பாத்தியே, கடல் தெரிஞ்சவனுக்கு என்ன சோதினை" என்று அவர் அவள் தலையில் தட்டினார். ஆக, இந்த மனிதனின் காற்சட்டைப் பையில் அரசாங்கத்தின் அட்டை கிடக்கிறது, தலைக்குள் சிவப்பு இடப்பக்கம் கிடக்கிறது, இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருக்கிறார். அது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

மிதவை கிட்ட வந்தது. அவர் அதை இடப்பக்கம் விட்டார். அழகாக, ஒரு கை அகலத்தில், பார்த்தீர்களா என்கிற மாதிரி விட்டார். ஆரணி கால் விரல்களைச் சப்பாத்துக்குள் மடக்கிக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கறுப்புத் தண்ணீர் சளசளவென்று பிரிந்து பின்னால் போனது. ஒன்றும் நடக்காததும் ஒரு தொல்லைதான். அப்படியென்றால் தான் பிழையோ. உள்ளே போவது என்றால் எது உள்ளே. இது துறைமுகமா, இது ஏரி. ஏரிக்கு உள்ளே எது, வெளியே எது. படகை இறக்கின கிராமம் உள்ளேதானே, ஆறு அங்கேயிருந்துதானே வருகிறது, ஆறு வருகிற பக்கம் போவது உள்ளே போவது, அப்படித்தான் அந்தச் சோதினைப் பக்கத்தில் போட்டிருந்தது, அல்லது அப்படிப் போட்டிருந்ததாக இப்போது அவள் நினைக்கிறாள். அவள் எதையும் ஒழுங்காக வாசிக்கிறவள் இல்லை. வாசித்திருந்தால் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். எட்டு வருடம் கடலில் கிடந்த ஆளுக்குத் தெரியாதது லாப்டாப்பில் அரை மணித்தியாலம் இருந்தவளுக்குத் தெரியுமா. தெரியும். ஒரு மூலையில் நன்றாகத் தெரியும், பல்லில் சிக்கின தும்பு மாதிரி. சொல்லு. சொன்னால் என்ன ஆகும். கடைசியாக அவரைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னபோது என்ன ஆனதென்று தெரியும்தானே. இனி எதைப் பறிகொடுக்க இருக்கிறது, கதைக்காத மனிதன் இன்னும் எவ்வளவு கதைக்காமல் போவான். இல்லை, அப்படி இல்லை. இன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாரே. "அவளுக்கும் லீவாம், வந்தால் வரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னாரே, அவளுக்குக் கேட்கிற மாதிரி. மத்தியானம் ரோல்ஸ் சாப்பிடும்போது கடைசி ரோலை எடுக்காமல் பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தாரே, பார்க்காமல். ஏழு மாதத்தில் அவர் நகர்ந்த தூரம் அவ்வளவுதான், ஒரு பிளாஸ்டிக் பெட்டி நகர்ந்த தூரம். இப்போது போய், அப்பா நீங்கள் பிழை, உங்களுக்குத் தெரியாது, அந்தச் சோதினை நீங்கள் பாஸ் பண்ணினது இல்லை என்று சொன்னால் அந்தப் பெட்டி திரும்பிப் போய்விடும்.

வலப்பக்கத் தீவில் ஒரு மரவீடு, அதன் முன்னால் தண்ணீருக்குள் நீட்டின பலகைத் துறை. அதில் ஒரு கிழவி, ஆரஞ்சு நிற நீச்சலுடை, ஈரத் தலை. அவர்களைக் கண்டதும் எழுந்து கையைக் காட்டினாள். ஒரு கை இல்லை, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் மறுக்குமாக ஆட்டினாள். ஏதோ கத்தினாள், இஞ்சின் சத்தத்தில் வாய் மட்டும் திறந்து மூடியது. அப்பாவின் முகம் மலர்ந்தது. வரைபடத்தை இடுக்கில் செருகிவிட்டுத் தானும் கையைத் தூக்கி ஆட்டினார். "நல்ல சனம். தெரியாத ஆக்களுக்கும் கை காட்டுதுகள். எங்கட ஆக்கள் கடையில கண்டால் மற்றப் பக்கம் திரும்புதுகள்" என்று காற்றிடம் சொன்னார். கிழவி இப்போது குதித்தாள். அந்த வயதில் யாரும் வணக்கம் சொல்லக் குதிப்பதில்லை. ஆரணி முன்னால் பார்த்தாள். அடுத்த சிவப்பு மிதவை. வெயில் நேராக முகத்தில் அடித்து, தண்ணீர் முழுக்கத் தகரம் மாதிரி மின்னியது, அதனால் அவருக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்ற அவளுக்குத் தெரிந்தது. மிதவைக்கு இடப்புறம் தண்ணீர் கறுப்பு. வலப்புறம், அப்பா படகின் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்த பக்கம், தேயிலைச் சாயம் மாதிரி, பிறகு இன்னும் வெளிறி, மஞ்சள். கறுப்பு என்றால் ஆழம். மஞ்சள் என்றால் இல்லை. அதற்குச் சோதினை தேவையில்லை. கதவுக்குப் பின்னால், படகின் அந்த மூக்குக்குள்தான், அம்மா படுத்திருக்கிறாள்.

"சிவப்பு வலப்பக்கம் வரோணுமாம்" என்றாள் ஆரணி. காற்றிடம். அவளுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது, அவர் இரத்தம்தானே. அவர் கேட்டதாகக் காட்டவில்லை. காற்றிடம் சொல்வதில் இருக்கிற வசதி அதுதான், கேட்காமல் விடலாம். "இந்த நாட்டில தலைகீழாம்" என்றாள் இன்னும் சத்தமாக. அவர் தாடை இறுகியது. "சில பேர் பெத்தவைக்கு மட்டுமில்லை, கடலுக்கும் பாடம் எடுக்கினம்" என்றார் மிதவையைப் பார்த்து. நன்றாகத்தான் இருந்தது, வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். தண்ணீர் தேயிலை நிறம் ஆயிற்று. வாய்க்குள் பெற்றோல் மணம். ஒரே ஒரு சொல் இருக்கிறது, அதைக் காற்றிடம் சொல்ல முடியாது, ஃபிரிட்ஜிடம் சொல்ல முடியாது, அந்தச் சொல்லுக்கு ஒரு ஆள்தான் திரும்புவான். ஏழு மாதம் அதைச் சொல்லாமல் வாக்கியம் கட்டப் பழகியிருந்தாள், அம்மாவிடம்கூட 'அவர்' என்றுதான் சொல்வாள், நாக்கு அந்த இடத்தைத் தாண்டித் தாண்டிப் போய் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. "அப்பா" என்றாள். குரல் வரவில்லை, இருமல் மாதிரி வந்தது. "அப்பா! கல்லு! நிப்பாட்டுங்கோ!" அவர் திரும்பினார். ஆனால் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அதுதான் அவள் எதிர்பார்க்காதது. அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் அவருக்குக் கேட்கவில்லை. முகம் ஒரு நொடி அப்படியே திறந்து கிடந்தது, யாரோ கதவைத் தட்டாமல் திறந்துவிட்ட மாதிரி, கையோ வேகப்பிடியிலேயே இருந்தது, படகோ ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எட்டி அந்தக் கைக்கு மேல் தன் கையை வைத்து, பிடியோடு சேர்த்துப் பின்னால் இழுத்தாள்.

இஞ்சின் உறுமி அடங்கியது. பின்னால் வந்த அலை படகைத் தூக்கி முன்னே தள்ள, அடியில் ஒரு சத்தம், கரகரவென்று, பெரிதில்லை, ஆனால் அது காதுக்கு வரவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறிப் பல்லுக்கு வந்தது. பிறகு விட்டது. படகு ஆடிக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ஒரே பக்கமாகக் குனிந்து பார்த்தார்கள். கை விட்டால் தொடலாம். மஞ்சள் தண்ணீருக்குக் கீழே ரோசா நிறப் பாறை, மாட்டின் முதுகு மாதிரி அகலமாக, அதில் ஏற்கனவே வேறு படகுகள் போட்ட கீறல்கள், வெள்ளையாக, நீலமாக. அப்பா அந்தக் கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, அவளைப் பார்க்காமல், ஆனால் காற்றிடமும் இல்லாமல், "ஆர் சொன்னது வலப்பக்கம் எண்டு?" என்று கேட்டார். மெல்லச் சொல்லலாம், சுற்றி வளைத்துச் சொல்லலாம், எங்கேயோ கேள்விப்பட்டேன் என்று விடலாம். அவளுக்கு அது வராது. "உங்கட சோதினையில வந்தது." "நான் இடது எண்டெல்லோ சொன்னனான்." "ஓம். நான் வலதைத்தான் அமத்தினனான்." சொல்லிவிட்டாள். இனி என்னவென்றாலும் ஆகட்டும். அவருடைய காது மடல் சிவந்தது. கை தன்பாட்டில் போய்க் காற்சட்டைப் பையைத் தடவியது. இதோ, போகிறார், திரும்பிப் போகிறார் என்று நினைத்தாள். இன்னும் ஏழு மாதம். ஏழு வருடம். ஒரு பாறைக்கு மேல் நின்றுகொண்டு.

அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "என்னப்பா அது சத்தம்? ஏன் நிண்டிட்டுது?"

அப்பா கதவைப் பார்த்தார். பிறகு ஆரணியை, சப்பாத்திலிருந்து நெற்றி வரை, ஏதோ எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "ஒண்டுமில்லை" என்றார் சத்தமாக. "நீர் படுத்திரும். நானும் பிள்ளையும் கதைச்சுக்கொண்டு நிக்கிறம்."

பச்சைப் பொய். ஒரு நிமிடத்துக்கு முந்தி மூன்று பேரையும் பாறையில் ஏற்றப் பார்த்த மனிதன் கூசாமல் சொல்கிற பொய். ஆரணிக்குப் பொய் ஆகாது, அது எல்லோருக்கும் தெரியும், அதனால் பட்டதும் போதும். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டு நின்றார். காது மடல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. அந்தப் பொய்யைப் பொய்யாகவே விட்டுவைக்க அவளால் முடியவில்லை.

"பின்னால எடுங்கோ அப்பா" என்றாள். "மெல்ல. நான் கீழ பாத்துச் சொல்லுறன்."

அவர் பின்னால் எடுத்தார்.

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம். காணாது, இன்னும் எடுங்கோ."